பஞ்சாலை நகரமும் வானத்துக் காதும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பகக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த மான்செஸ்டர் எது? இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் நகரம். 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே பஞ்சாலைத் தலைநகரம். நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கிய மில் துணி அந்த வட்டாரத்திலிருந்துதான் கப்பலேறியது. இது நமக்குத் தெரிந்த மான்செஸ்டர். இன்று நாம் பேசப்போவது, அதே நகரத்தின் சர்வகலாசாலையில் உள்ள பௌதிக, வான சாஸ்திர இலாகாவைப் பற்றி.

மில்லில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்தவனுக்கும், சேற்றில் நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்கும் நட்சத்திரக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைக் கடைசியில் நாம் சேர்ந்தே காண்போம்.

இந்தச் சர்வகலாசாலையின் மூலவித்து 1851-ல் தொடங்கிய ஒரு கல்லூரி. ஜான் ஓவன்ஸ் என்ற ஜவுளி வியாபாரி விட்டுச் சென்ற பணத்தில் அது எழுந்தது. அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. பஞ்சு பறித்தவர், நூல் நூற்றவர், தறி ஓட்டியவர் ஆகியோரின் உழைப்பிலிருந்து வந்தது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இருட்டறையில் எண்ணியவர்கள்

1907-ல் எர்னஸ்ட் ரதர்போர்டு அங்கே பௌதிகப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர் நியூசிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்தவர், விவசாயமும் பார்த்தவர். ரதர்போர்டிடம் இருவர் வேலை செய்தார்கள். ஒருவர் ஜெர்மனிக்காரரான ஹான்ஸ் கெய்கர். இன்னொருவர், லங்காஷயர் நெசவாலைப் பகுதியான ரிஷ்டனிலிருந்து வந்த எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற மாணவர். 1909-ல் அந்த மாணவருக்கு வயது 20.

அவர்கள் செய்தது என்ன? கதிர் வீசும் பொருள் ஒன்றிலிருந்து புறப்படும் நுண்ணிய துகள்களை, மெல்லிய தங்கத் தகட்டின் மேல் பாய்ச்சினார்கள். துகள் வந்து மோதினால் மினுக்கென்று ஒளிரும் திரை ஒன்றை வைத்தார்கள். கண் பழகும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்து, பிறகு பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, அந்த மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மில்லில் அறுந்த இழையை ஓயாமல் கவனித்து முடிந்து விடுபவருக்கு இது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலான துகள்கள் தகட்டை ஊடுருவிச் சென்றன. ஆனால் மிக அரிதாக ஒன்று வந்த வழியே திரும்பி அடித்தது! சல்லடையில் எறிந்த கல் திரும்பி வந்தால், உள்ளே கெட்டியான ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 1911-ல் ரதர்போர்டு அதை விளக்கினார். அணுவின் பாரம் முழுவதும், ஏறத்தாழ, நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கிறது. தங்க அணு ஒரு மில் வளாகம் அளவு பெரிதானால், அதன் கரு ஒரு சோளமணி அளவே இருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் வெற்றிடம். இன்றைய அணு விஞ்ஞானம் முழுவதும் இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

டிராமுக்குத் தப்பி வயலுக்கு

இனி வான சாஸ்திரத்துக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தத்தில் பெர்னார்ட் லோவல் என்பவர் ராணுவத்துக்காக ரேடார் வேலை செய்தார். 1945-ல் யுத்தம் முடிந்து சர்வகலாசாலைக்குத் திரும்பியபோது, பட்டாளம் கழித்துவிட்ட ரேடார் கருவிகளைக் கொண்டுவந்தார். ஆனால் நகரத்து மின்சார டிராம் வண்டிகளின் இரைச்சல் கருவியைக் கெடுத்தது. தெற்கே சுமார் 20 மைல் தூரத்தில், ஜோட்ரல் பாங்க் என்ற இடத்தில் சர்வகலாசாலையின் தாவர இலாகாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கருவிகளை அங்கே கொண்டுபோனார். இப்படித்தான் வயல்வெளியில் வானாராய்ச்சி முளைத்தது.

நட்சத்திரங்களும் வான்புகைகளும் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை. ரேடியோ அலைகளையும் அனுப்புகின்றன. ஆனால் அவை மிக மிக மெலிந்தவை. பனித்துளியைச் சேர்க்கப் பெரிய பாத்திரத்தை விரித்து வைப்பதுபோல, இந்த அலைகளைச் சேர்க்கப் பெரிய கிண்ணம் வேண்டும். 1947-ல் அவர்கள் சாரக் குழாய்களையும் கம்பிகளையும் கொண்டு 218 அடி அகலக் கிண்ணம் ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். அதில் வேலை செய்த ராபர்ட் ஹான்பரி பிரவுன், 1916-ல் நமது நீலகிரி அருவங்காட்டில் பிறந்தவர். அவரும் சிரில் ஹசார்டும் 1950-ல், ஆண்ட்ரமிடா என்ற வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துக் காட்டினார்கள். அந்த மண்டலத்திலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன!

பீரங்கிப் பற்சக்கரம்

அந்தக் கிண்ணம் தரையோடு தரையாக இருந்தது. எல்லாத் திசையிலும் திருப்பக்கூடிய கிண்ணம் தேவைப்பட்டது. 1952-ல் வேலை தொடங்கிற்று. ஷெபீல்டு நகரத்து எஞ்சினியர் சார்லஸ் ஹஸ்பண்ட் திட்டம் வரைந்தார். கிண்ணத்தின் குறுக்களவு 250 அடி. மொத்த எடை 3,200 டன். வட்டமான தண்டவாளத்தின் மேல் சுற்றும். அதைச் சாய்த்து நிமிர்த்தும் பற்சட்டங்கள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? ராயல் சாவரின், ரிவெஞ்ச் என்ற இரண்டு போர்க்கப்பல்களை உடைத்தபோது, 15 அங்குலப் பீரங்கி மேடைகளிலிருந்து கழற்றியவை! அதில் ராயல் சாவரின், 1944 முதல் 1949 வரை சோவியத் கடற்படையில் ஆர்காங்கெல்ஸ்க் என்ற பெயரோடு இருந்த கப்பல். மனிதனைக் கொல்லப் பீரங்கியைத் திருப்பிய இரும்பு, நட்சத்திரத்தைக் கேட்கக் கிண்ணத்தைத் திருப்பியது. இரும்பில் குற்றமில்லை தோழர்களே; அதை எந்த வேலைக்கு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செலவு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. பார்லிமெண்டின் கணக்குக் கமிட்டி கண்டனம் செய்தது. லோவல் சிறைக்கும் போக நேரலாம் என்று அஞ்சும் நிலை வந்தது. 1957 ஆகஸ்டில் தொலைநோக்கி வேலைசெய்யத் தொடங்கியபோது கடன் தலைக்கு மேல் இருந்தது.

அந்த அக்டோபர் 4-ந் தேதி சோவியத் நாடு முதல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. ஸ்புட்னிக்கின் பீப் ஒலியைச் சாதாரண ரேடியோவிலும் கேட்க முடிந்தது. ஆனால் அதை ஏற்றிச் சென்ற ராக்கெட் ஒலி எழுப்பாது. அதுவும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடார் அலையை அனுப்பி, எதிரொலியைப் பிடித்தால்தான் தெரியும். ஜோட்ரல் பாங்க் அக்டோபர் 12-ந் தேதி அதைப் பிடித்தது. பணம் விரயம் என்று ஏசப்பட்ட கிண்ணத்தின் பெயர் உலகமெங்கும் பரவியது. 1960-ல் நன்கொடைகளால் கடன் தீர்ந்தது.

1959 செப்டம்பரில் சோவியத்தின் லூனா-2 சந்திரனை நோக்கிப் போயிற்று. அது எந்த இடத்தில் வரும் என்ற விவரத்தை மாஸ்கோ மான்செஸ்டருக்கே அனுப்பியது. ஜோட்ரல் பாங்க் அதன் ஒலியைக் கேட்டது. சந்திரனில் மோதியதும் ஒலி நின்றதைப் பதிவு செய்தது. சந்தேகப்பட்டவர்களின் வாய் அடைந்தது. 1966-ல் லூனா-9 சந்திரனில் இறங்கி அனுப்பிய படங்களையும் அங்கே பிடித்தார்கள். இரண்டு முகாம்களாக உலகம் பிளந்து கிடந்த நாட்களில், ஒரு முகாமின் வெற்றிக்கு மறு முகாமின் விஞ்ஞானிகள் சாட்சி சொன்னார்கள்.

பென்சில் கரியும் பசை நாடாவும்

சமீப காலத்துக்கு வருவோம். ருஷ்யாவில் பிறந்த ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் இதே மான்செஸ்டரில் பணிபுரிந்தவர்கள். பென்சில் கரியை, அதாவது கிராபைட்டை, பசை நாடாவால் ஒட்டி உரித்து உரித்து, ஒரே ஓர் அணு கனமுள்ள ஏட்டைப் பிரித்தெடுத்தார்கள். 2004-ல் இதை வெளியிட்டார்கள். கிராபீன் என்று அதற்குப் பெயர். 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எல்லா வேலைக்கும் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. விடாமல் தேடும் கை வேண்டும்.

மூட வந்தபோது

ஆனால் புகழ் மட்டும் போதாது. 2008-ல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசாங்கக் கவுன்சில் வெட்டுக் கத்தியை எடுத்தது. ஏழு தொலைநோக்கிகளை ஒன்றாக இணைக்கும் திட்டத்தின் பணத்தை நிறுத்த யோசித்தது. அது நின்றிருந்தால் ஜோட்ரல் பாங்கே மூடப்பட்டிருக்கும். விஞ்ஞானிகளோடு சாதாரண மக்களும் குரல் கொடுத்தார்கள். சில மாதங்களில் திட்டம் காப்பாற்றப்பட்டது. 2019-ல் அதே இடத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வெட்டிவிடலாம் என்று எண்ணிய இடம், பதினோரு ஆண்டுகளில் உலகத்தின் சொத்து! கிண்ணம் இன்றும் நட்சத்திர ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நட்சத்திரக் கதை நமக்கு எதற்கு?

இந்தக் கதையில் பேராசிரியர் இருக்கிறார். இருட்டில் எண்ணிய மாணவர் இருக்கிறார். உயரத்தில் நின்று இரும்பைப் பொருத்திய தொழிலாளி இருக்கிறார். கப்பலை உடைத்தவர் இருக்கிறார். வரி கட்டிய ஜனங்கள் இருக்கிறார்கள். பரிசு சிலருக்கு வரும். அறிவு அத்தனை பேருடைய உழைப்பில் விளைந்தது. பலர் கைப்பட்டு விளைந்ததைப் பலரும் உண்ண வேண்டும். வயலுக்கு அதுதான் நியாயம். விஞ்ஞானத்துக்கும் அதுவேதான் நியாயம்.

ஆகவே நாம் ஒன்று செய்வோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வானத்தைக் காட்டுவோம். நமக்குத் தெரிந்த அளவு சொல்வோம். தெரியாததை, "நீ படித்து வந்து எங்களுக்குச் சொல்" என்று கேட்போம். நெசவாலை ஊரிலிருந்து ஒரு மாணவர் அந்த இருட்டறைக்குள் நுழைந்தார் என்றால், நம் வீட்டுப் பிள்ளை நுழையவும் கதவு திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் தட்டுவோம்.