இதயத் தசை மீண்டும் வளருமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் சுருக்கம்)

 

மாரடைப்பிலிருந்து மீண்டவர் இல்லாத தெரு நம் மஹல்லாவில் இல்லை. மீண்ட பின்னரும் சிலர் மாடிப்படி ஏற இயலாது மூச்சிரைப்பதைக் காண்கிறோம். காரணம் என்ன? தோலில் பட்ட காயம் ஆறிப் புதுத்தோல் வளர்கிறது. இதயத் தசை அவ்வாறு வளர்வதில்லை. பெரும் மாரடைப்பு ஒன்றில் சுமார் நூறு கோடித் தசை உயிரணுக்கள் மடியக்கூடும். ஆண்டொன்றுக்குப் புதிதாய்த் தோன்றுபவையோ ஏறத்தாழ ஒரு விழுக்காடே. மடிந்த இடத்தில் தழும்புதான் எஞ்சுகிறது.

இக்குறை தீர்க்க அறிஞர்கள் ‘ஸ்டெம் செல்’ எனப்படும் மூல உயிரணுக்களை நாடினர். மனிதத் தோலின் உயிரணுவையே மூல உயிரணுவாக மாற்றலாம் என்பதை ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2007ஆம் ஆண்டு மெய்ப்பித்தார். கருவைச் சிதைக்காமலே ஆய்வு செய்ய வழி பிறந்தது.

அம்மூல உயிரணுவை இதயத் தசையாக்குவது எங்ஙனம்? தொடக்கத்தில் விலையுயர்ந்த வளர்ச்சிப் புரதங்களைப் பயன்படுத்தினர். ஒருமுறை கிடைத்த பலன் மறுமுறை கிடைக்கவில்லை. 2012இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஷான் பாலசெக் குழுவினர் சிறு வேதி மூலக்கூறுகளைக் கொண்டே இதனைச் சாதித்தனர். உயிரணுவுக்குள் ‘விண்ட்’ என்றொரு சமிக்ஞை இயங்குகிறது. ஒரு மூலக்கூறு முதலில் அதனைத் தூண்டுகிறது. மூன்று நாள் கழித்து மற்றொன்று அதனையே அடக்குகிறது. தூண்டாவிடில் மாற்றம் தொடங்காது. உரிய வேளையில் அடக்காவிடில் இதயத் தசை உருவாகாது. பதினான்கு நாட்களில் விளைந்த உயிரணுக்களில் 80 முதல் 98 விழுக்காடு வரை இதயத் தசையாகவே அமைந்தன. ஆய்வுத் தட்டிலேயே அவை துடித்தன!

புதிய மருந்துகள் இதயத்தைப் பாதிக்குமா என்று சோதிக்க இத்தகைய உயிரணுக்கள் பெரிதும் உதவுகின்றன. நோயாளிக்குப் பொருத்தும் முயற்சியும் நடைபெறுகிறது. யமனாகா முறையில் பெற்ற இதயத் தசைத் தாளை 2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒருவருக்குப் பொருத்தினர். எனினும் 2014இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய உயிரணுக்களைப் பெற்ற குரங்குகளின் இதயத் துடிப்புத் தாளம் தவறியது. ஆகவே நிதானம் தேவை.

அன்பர்களே! ‘ஸ்டெம் செல் செலுத்தி இதயத்தைப் புதுப்பிக்கிறோம்’ என்னும் விளம்பரத்தை நம்பி வீட்டையும் நகையையும் விற்றுவிடாதீர்கள். சில இரத்தநோய்களுக்கான மூல உயிரணு மாற்று நீங்கலாக ஏனையவற்றை ஆய்வு என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வரையறுத்தன. நெஞ்சுவலி கண்டால் அக்கணமே மருத்துவமனைக்கு விரையுங்கள். இழந்த தசையை மீட்பதினும் இருக்கும் தசையைக் காப்பது எளிது.