எண்ணத் தெரிவதும் எண் தெரிவதும்



இன்று நம்மை இங்கே கூட்டியிருக்கும் அறக்கட்டளை, ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடி நிறுவியது. பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்பையே கேட்டு வாங்கிப் பாடம் நடத்தியவர் அவர் என்று பொறுப்பாளர்கள் சொன்னார்கள். அந்தக் கணமே இன்றைய பொருளும் முடிவாகிவிட்டது. ஒரு சின்னக் குழந்தையின் மூளையில் எண் எப்படிக் குடியேறுகிறது என்பதையே உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

1. ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை

சில நாள்களுக்கு முன் எங்கள் வீட்டு அடுப்படியில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூன்று வயதைத் தாண்டிய என் பேத்தி கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பத்து வரை பிசகாமல் எண்ணினாள். “எத்தனை இருக்கு கண்ணு?” என்றேன். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். “சரி, அப்போ எத்தனை?” என்றேன். மூன்றாம் முறையும் எண்ணினாள். “தாத்தாவுக்கு ரெண்டு கொட்டை குடு” என்று கையை நீட்டினேன். சரியாக இரண்டு வந்தது. “மூணு குடு” என்றேன். கைப்பிடி நிறைய அள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்து வரை எண்ணுகிற பிள்ளைக்கு மூன்று தெரியவில்லை. இது குறையல்ல, குழந்தைகள் எல்லாரும் நடந்து வருகிற பாதை. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதையைத் தெளிவாகக் காட்டியது. “இத்தனை கொடு” என்று கேட்பதுதான் அவருடைய சோதனை. குழந்தை முதலில் ஒன்றின் பொருளைப் பிடிக்கிறது. மாதங்கள் கழித்து இரண்டு, அதற்கும் மாதங்கள் கழித்து மூன்று. பிறகு ஒரு நாள் கதவு திறந்தாற்போல ஆகிவிடுகிறது. எண்ணி முடிக்கும்போது வாயில் நிற்கும் கடைசிச் சொல்தான் ‘எத்தனை’ என்பதற்கு விடை என்று விளங்கிவிடுகிறது. அதன் பின் ஐந்து கேட்டாலும் எட்டு கேட்டாலும் எண்ணியே எடுத்துத் தரும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரை, நான்கு வயதையொட்டி இந்தப் படியைக் கடக்கிறார்கள். வாய் எண்ணத் தொடங்குவதற்கும் மனம் எண்ணை அறிவதற்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

2. கைக்குழந்தை கொண்டுவரும் முதல்

குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. ஆறு மாதக் குழந்தைக்கு எட்டுப் புள்ளிகளையும் பதினாறு புள்ளிகளையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியும், எட்டையும் பன்னிரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது என்று ஃபே ஷூ, எலிசபெத் ஸ்பெல்கி என்ற ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள். ஒன்பது மாதம் ஆகும்போது அந்த நுட்பமும் வந்துவிடுகிறது. கூடுதல் குறைவைக் குத்துமதிப்பாக உணரும் இந்த அறிவுக்குச் சொல் வேண்டியதில்லை. மூன்று வரையான சிறு கூட்டத்தை எண்ணாமல் ஒரே பார்வையில் அறியும் திறமும் உடன் இருக்கிறது.

ஆனால் குத்துமதிப்பு எண்ணாகாது. ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் சொல்லாது, சொல்தான் சொல்லும். எனவே குழந்தை மூன்றை ஒன்றாக முடிய வேண்டியிருக்கிறது: கையில் இருக்கும் அளவு, வாயில் இருக்கும் பெயர், பலகையில் இருக்கும் குறி. இந்த முடிச்சு விழும் முக்கியமான இடம், மூளையின் பக்கமடலில் இருபுறமும் ஓடும் ஒரு பள்ளம். 8 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் கூட்டல், கழித்தல் செய்யும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2005இல் வந்தது. சிறியவர்கள் நினைவையும் கவனத்தையும் ஆளும் முன்மூளையை அதிகம் வருத்துகிறார்கள். வயது ஏற ஏற அந்த உழைப்பு குறைந்து, இடப்பக்கப் பள்ளத்தின் பங்கு கூடுகிறது. பழக்கம் மூளைக்குள் வேலையை இடம் மாற்றிக் கொடுக்கிறது. விரல்விட்டுக் கூட்டும் பிள்ளையை “இன்னும் விரலா?” என்று அதட்டுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

3. தமிழ் தரும் துணை

பத்து வரை எண்ணுவதில் சீனக் குழந்தைக்கும் அமெரிக்கக் குழந்தைக்கும் வேறுபாடு இல்லை, பத்தைத் தாண்டியதும் சீனக் குழந்தை முந்துகிறது என்று கெவின் மில்லர் குழுவினர் 1995இல் கண்டார்கள். சீனத்தில் பதினொன்று என்பது பத்தும் ஒன்றும். ஆங்கிலத்து லெவன், டுவெல்வ் ஆகிய சொற்களில் பத்து காதில் விழுவதே இல்லை.

நம் மொழியில் அது நன்றாகவே விழுகிறது. பதின்மூன்றில் பத்தும் மூன்றும், இருபத்தைந்தில் இரு பத்தும் ஐந்தும் இருக்கின்றன. தொண்ணூறு மட்டும் பத்தை விட்டு நூற்றைப் பிடித்துக்கொள்கிறது, தொள்ளாயிரமும் அப்படியே ஆயிரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இரண்டு திருப்பங்களில் மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையிடமும் வீட்டில் தமிழில் எண்ணுங்கள் என்று நான் கேட்பது மொழிப்பற்றினால் மட்டுமல்ல. இடமதிப்பின் முதல் பாடம் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் நடந்தது உண்மை. ஆனால் அங்கே படித்த சுவடிகளின் பெயரைப் பாருங்கள்: பொன்னிலக்கம், நெல்லிலக்கம். எண் வெறுங்காற்றில் நிற்கவில்லை, காசிலும் நெல்லிலும் நின்றது.

4. சந்தையும் பள்ளியும்

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் எழுதினார்கள். ஒரு காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது, பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்து 210 என்று ஏறிப்போய் 350 என்றான். சந்தையில் அந்தச் சிறுவர்களின் விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடே சரி. பொருளுக்கும் குறிக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை.

அப்படியானால் தாளை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் கொடுத்தால் போதுமா? போதாது. டெல்லியின் பாலர் பள்ளிகளில் கூடுதல் குறைவை உணர்த்தும் விளையாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த உணர்வு கூர்மையானது, நீடிக்கவும் செய்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் முன்னேற்றம் வரவில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலர்களுக்கு, ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டை ரமணி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நகரும்போது கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் நான்கே முறை விளையாடிய பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணக் கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கை நகர வேண்டும், வாய் சொல்ல வேண்டும், கண் குறியைப் பார்க்க வேண்டும். நம் பரமபதப் பலகை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போடும் விரல், பொருளுக்கு ஒரு சொல்லாக எண்ணவும் பழகும். பக்கத்தில் இருந்து “எத்தனை விழுந்தது?” என்று கேட்கப் பெரியவர் ஒருவர் வேண்டும்.

5. அச்சம் என்ற தடை

எனக்குத் தெரிந்த ஒரு நர்சரிப் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் நூறு வரை எழுதி வரச் சொல்லும் வீட்டுப்பாடம் உண்டு. ஒரு சிறுவன் அழுதுகொண்டே எழுதியதைப் பார்த்தேன். முதலில் ஒன்றாம் இட இலக்கங்களை மேலிருந்து கீழே எழுதி, பின்பு முன்னால் ஒரு வரிசை ஒன்று, ஒரு வரிசை இரண்டு என்று இட்டு நிரப்பினான். நூறு எண்கள் வந்தன, அவற்றில் ஓர் எண்ணும் அவனுக்குள் போகவில்லை.

போனது அச்சம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் குழுவினர் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். கணக்கென்றால் அஞ்சும் பிள்ளைகளுக்கு, அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி கணக்கின்போது பொங்கி எழுகிறது, கணக்குப் போட வேண்டிய பகுதிகள் மங்குகின்றன. அதே குழு 2015இல் நம்பிக்கையான செய்தியும் தந்தது. எட்டு வாரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் அந்த அச்சம் தணிகிறது, மூளையிலும் அந்தத் தணிவு தெரிகிறது.

நம் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பார்க்கச் சொல்கிறது. மொட்டை விரித்து மலராக்க முடியாது என்பதை அந்தப் பெயர்களே சொல்கின்றன. ஆசிரியர்கள் அந்தப் பெயர்களின் பொருளைக் காக்க வேண்டும், பெற்றோர் அவர்களை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும், விருந்தினர் முன்னால் பிள்ளையை நிறுத்தி “ஒண்ணு ரெண்டு சொல்லு” என்று கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்து “எனக்கு மூணு குடு” என்று கையை நீட்டுங்கள். கைப்பிடி நிறைய வந்தால் திட்டாதீர்கள். வாங்கிக்கொண்டு, கூடவே சேர்ந்து எண்ணுங்கள்.