விமானமோட்டித் தேர்வும் நம் இளைஞரும்
(திருவள்ளூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் உபாத்தியாயர் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுவதா என்று அன்பர் சிலர் நகைக்கலாம். எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் உழைப்பவரின் புதல்வன், 200 மணி நேரம் பறந்து வணிக விமானமோட்டி உரிமம் பெற்றான். தந்தையார் நிலத்தை ஈடு வைத்துப் பொருள் உதவினார். அவன் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் கம்பெனி ஒன்றின் தேர்வுக்குச் சென்று, தவறித் திரும்பினான். அதன் காரணத்தை ஆராயப் புகுந்தே யாம் இத்துறையில் சிறிது கற்றோம்.

இத்தகைய கம்பெனிகளிற் பலவும் ஓட்டுவது ஏ.டி.ஆர். 72 என்னும் இரட்டை எஞ்ஜின் விமானம். 2018 மார்ச்சு மாதம் உடான் திட்டத்தின்கீழ்ச் சென்னையினின்று சேலம் சென்றதும் இவ்வினமே.

வாய்மொழித் தேர்வில் மனக்கணக்கே முதன்மையாம். மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானத்தின் தரைவேகம் 120 நாட்டு எனின், அதிற் பாதியைப் பத்தாற் பெருக்குக. நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 அடி இறங்கல் வேண்டும். வாய்ப்பாடு பழங்கதை என்போர் இதனைக் கேட்பாராக! வானிலைக் குறிப்பில் காற்றின் திசை உண்மை வடக்கைப் பற்றியது, ஓடுபாதையின் எண்ணோ காந்த வடக்கைப் பற்றியது, இவ்வேறுபாட்டையும் வினவுவர்.

அடுத்தது சிமுலேட்டர் என்னும் பாவனை விமானம். தானியங்கிக் கருவியை நீக்கிக் கையால் ஓட்டச் செய்வர். இடையே ஓர் எஞ்ஜினை நிறுத்துவர். எது நின்றது என்று இருவரும் ஒத்து உறுதி செய்த பின்னரே கை வைத்தல் முறை. 2015 பிப்ரவரி 4ஆம் நாள் தைப்பேயில் அம்முறை வழுவி, இயங்கிய எஞ்ஜினை அடக்கினர். அவ்வேடிஆர் வீழ்ந்து 43 பேர் மாண்டனர்.

நம் மாணவன் இவற்றிலெல்லாம் தேறினான். தவறியது வேறோரிடத்தில். காப்டனாக அமர்ந்த பரீட்சகர் வேண்டுமென்றே வேகத்தைக் குறையவிட்டார். இவன் கண்டான், வாய் திறந்திலன். "பெரியவர் ஆயிற்றே, அவருக்குத் தெரியாதா என்றிருந்துவிட்டேன், ஐயா" என்றான். எமக்குச் சுருக்கென்றது. மூத்தோர் முன் வாயடக்கம் வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை அவனுக்குப் புகட்டியவர் யாமே!

1977 மார்ச்சு 27ஆம் நாள் தெனரீப் தீவில், மூடுபனியினிடையே உத்தரவு பெறாமல் விமானத்தை ஓடவிட்டார் ஒரு மூத்த காப்டன். பாதையில் மற்றொரு விமானம் உளதோ என எஞ்ஜினியர் ஐயுற்று வினவினார். காப்டன் இல்லையென அழுத்திக் கூறவே அடங்கிவிட்டார். 583 உயிர்கள் மடிந்தன. அதன் பின்னரே, இளையோர் துணிந்து சொல்லுதலும் மூத்தோர் செவிகொடுத்தலும் விமானிகளுக்குரிய பாடமாக வலுப்பெற்றன.

ஆதலின் எம் வீட்டுத் திண்ணையில் இரு நாற்காலிகளை இட்டோம். கருவிப்பலகையின் படத்தைச் சுவரில் ஒட்டினோம். யாம் காப்டன், அவன் துணைவன். அவன் எழுதித் தந்த பிழைகளை யாம் முறைமாற்றிச் செய்வோம். அவன் உரக்கச் சொல்லல் வேண்டும். முதல் வாரம் எழுந்து நின்றே பேசினான்! நான்காம் வாரம், "வேகம் குறைகிறது, திருத்துங்கள்" என்று அமர்ந்தபடியே சொன்னான். அருகிருந்த எம் மனையாள் திகைத்துவிட்டாள்.

வரும் மாதம் அவன் மீண்டும் தேர்வுக்குச் செல்கிறான். அந்நாற்காலிகளை இனி ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் இடுவதற்குக் காரியதரிசி அவர்கள் இசைந்துள்ளார்கள். இத்துறையை நாடும் பிள்ளைகளை, பெண்மக்களையும் சேர்த்தே, அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறோம்.