வைத்திருத்தலும் உடைமையும்



2014இல் லீ சோங் வெய் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியபோது, 'ஸ்டிராய்டு' என்னும் சொல் சுங்கை புரோங் தேநீர்க் கடைகளிலும் புழங்கிற்று. அவர் உடலில் காணப்பட்ட டெக்சாமெத்தசோன் வீக்கம் தணிக்கும் மருந்து. தசை பெருக்கும் அனபாலிக் வகையன்று. எட்டு மாதத் தடையோடு அவர் தப்பினார். அனபாலிக் வகைக்கோ, வேண்டுமென்றே செய்யவில்லை என மெய்ப்பித்தாலன்றி நான்காண்டுத் தடை. உட்கொள்ளவும் வேண்டுவதில்லை, ஏற்கத்தக்க காரணமின்றிப் பையில் இருப்பதே விதிமீறல். (டெஸ்டோஸ்டிரோன் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழும் வருகிறது, அது வேறு வழக்கு.)

இவ்விதிமீறலை 'வைத்திருத்தல்' என மொழிபெயர்ப்பது போதாது என்பது எம் கருத்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு, வாங்குவதையும் இதனுள் அடக்குகிறது. கைக்கு வாராததை எவ்வாறு வைத்திருப்பது? 'உடைமை' என்றால் பொருந்தும். கைப்பேசிவழிப் பணம் செலுத்திய ஓட்டவீரருக்கு, பொட்டலம் வந்து சேருமுன்பே அது உடைமையாகிவிடுகிறது.