பிள்ளைகளிடம் பேசுவோம்!
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளமும் வீட்டு வசதியும் பேச வேண்டிய மேடையில் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நாம் உழைப்பதும் போராடுவதும் யாருக்காக? நம் பிள்ளைகளுக்காகத்தானே! அவர்களைக் காக்கும் பேச்சுக்கும் இங்கு இடமுண்டு.

நம் நாட்டில் இக்கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாதுகாப்பற்ற உடலுறவாலும், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக்கொள்வதாலும் இது பரவும்; தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். கைகுலுக்குவதாலோ, ஒன்றாக உண்பதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. இதைப் பிள்ளைக்குச் சொல்வது யார்? பள்ளி சொல்லட்டும் என்று வீடு இருக்கிறது. வீடு சொல்லட்டும் என்று பள்ளி இருக்கிறது. இடையில் கைத்தொலைபேசி வாத்தியாராகிவிடுகிறது!

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவைப் பாருங்கள். அதன் மேற்கே, விக்டோரியா ஏரியை அடுத்த அன்றைய நியான்சா மாநிலத்தில் இந்நோய் மிகக் கடுமையாக இருந்தது. அமெரிக்காவில் பெற்றோருக்கு நடந்த ஒரு பயிற்சியை அங்குள்ளோர் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் தங்கள் வழக்கத்திற்கேற்ப மாற்றிக்கொண்டனர். 'ஃபேமிலீஸ் மேட்டர்' என்று அதற்குப் பெயர்.

9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் வாரம் ஒருமுறை, மூன்று மணி நேரமாக, ஐந்து வாரம் கூடினர். பிள்ளையைப் பாராட்டுவது, எங்கே, யாருடன் போகிறது என்று அறிந்திருப்பது, பருவமடைதலையும் உடலுறவையும் பற்றிக் கூசாமல் பேசுவது ஆகியவற்றைப் பழகினர். ஐந்தாம் வாரம் பிள்ளையும் உடன் வந்தது. ஓராண்டு கழித்து விசாரித்தபோது, வீட்டில் இப்பேச்சு பெருகியிருப்பதைப் பெற்றோரும் சொன்னார்கள், பிள்ளைகளும் சொன்னார்கள்.

அந்த வயதை ஏன் தேர்ந்தார்கள்? ஆபத்து நெருங்குமுன், நம் சொல்லைப் பிள்ளை கேட்கும் காலம் அது. "சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகும்" என்பாருக்கும் விடையுண்டு. பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

தோழர்களே! வேலை தேடிப் பட்டணம் போகும் நம் பிள்ளைகளுக்குப் பணமும் துணிமணியும் கொடுத்தனுப்புகிறோம். இந்த அறிவையும் கொடுத்தனுப்ப வேண்டாமா? இங்கே நான் கிராணி. பாரம் எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருகிறீர்கள். மகிழ்ச்சியோடு எழுதித் தருகிறேன். ஆனால் இந்தப் பேச்சை நீங்களேதான் பேச வேண்டும். தாய் மட்டுமல்ல, தகப்பனும் பேச வேண்டும்.

ஒருவேளை பிள்ளைக்கு இக்கிருமி வந்துவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. நாள் தவறாமல் மருந்துண்டால் நெடுநாள் வாழலாம். இரத்தச் சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவின் வழியே பிறருக்குப் பரவாது.

நம் கிளையும் ஒரு தாதியை அழைத்து, பெற்றோருக்கு இத்தகைய வகுப்பை மண்டபத்தில் நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். கைதூக்கி ஆதரியுங்கள், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பேசத் தொடங்குங்கள்.