கன்னத்தில் உப்புக் கரித்தால்

(தாய் சேய் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா கொடுக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையை முத்தமிட்டுப் போவார்கள். அப்போது ஒரு உம்மம்மா, "என்னம்மா, பிள்ளை உப்புக் கரிக்குது" என்றால் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பிறவி நோய் உண்டு. இதில் வியர்வையில் உப்பு மிகும். நெஞ்சுச்சளி பசைபோலக் கெட்டியாகும். கணையத்தின் செரிமான நீர் அடைபடுவதால் குடித்த பால் உடம்பில் ஒட்டாது. பிள்ளை பசித்துப் பசித்துக் குடிக்கும், எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்காகக் கடும் நாற்றத்துடன் போகும். நாம் மாந்தம் என்போம், சவலை என்போம், கண்ணேறு என்போம். டாக்டர்களே நெடுங்காலம் இதை வெள்ளைக்காரர் நோய் என்றுதான் நினைத்தார்கள். நம் நாட்டிலும் இருக்கிறது.

பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி, சில சொட்டு இரத்தத்தைத் தாளில் எடுத்துப் பார்ப்பார்கள். நம்மூரில் இது எல்லாப் பிள்ளைக்கும் தானாக நடப்பதில்லை. எடுத்துவிட்டோம் என்று சொன்னாலும், இந்த நோய்க்கும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதில் அளவு கூடினால் சந்தேகம், சந்தேகம் மட்டும்தான். குறைமாதப் பிள்ளைக்கும், பிரசவத்தில் திணறிய பிள்ளைக்கும்கூட அது கூடும். அப்படிச் சந்தேகம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதில்லை.

முடிவு சொல்வது வியர்வைச் சோதனை. 1959இல் வந்த முறை, இன்றும் அதுதான். கையில் மருந்து வைத்து, மெல்லிய மின்னோட்டம் கொடுத்து வியர்க்க வைப்பார்கள். ஊசி கிடையாது. வியர்வையில் குளோரைடு 60 அல்லது அதற்கு மேல் என்றால் அநேகமாக நோய்தான். 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் நின்றால் மறுபடி பார்த்து, மரபணுவையும் சோதிக்க வேண்டும்.

ஒரு குடும்பம். யார் என்று கேட்காதீர்கள். முதல் பிள்ளை எட்டு மாதத்தில் நிமோனியாவில் மவுத்து. இரண்டாவதற்குக் குதிகால் சோதனையில் சந்தேகம். "மருமகள் வந்த நேரம்" என்றார் மாமியார். "வெளியே தெரிந்தால் நம் மகளுக்கு மாப்பிள்ளை வருமா?" என்றார் மாமனார். மூன்று வாரம் அந்த ரிப்போர்ட் பீரோவுக்குள் கிடந்தது. கடைசியில் மருமகள்தான் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். வியர்வைச் சோதனையில் 60ஐத் தாண்டியது. இப்போது பால் கொடுக்கும் முன் செரிமான மருந்து, வெயிலில் கூடுதல் உப்பு, முதுகைத் தட்டிச் சளி எடுப்பது. நோய் போய்விடவில்லை, ஆனால் பிள்ளை எடை ஏறுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மாமியாருக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர்ந்தால்தான் இது வரும். ஒன்று மட்டும் உள்ளவர் நல்ல சுகத்தோடு இருப்பார், தமக்கு இருப்பதே தெரியாது. பெற்றோர் இருவரிடமும் ஒன்று இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்ற கணக்கு இல்லை. சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமி மகளைக் கட்டுவது மார்க்கத்தில் ஆகுமானதுதான். நானும் அப்படிக் கட்டியவன்தான். ஆனால் ஆகுமானது வேறு, கட்டாயம் வேறு. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

பிறந்து ஒரு நாள் கடந்தும் முதல் கறுப்பு மலம் போகாமல், வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சோதனைச் செலவும் வண்டிச் செலவும் முடியாதவர்களுக்கு நம் மருத்துவ நிதியிலிருந்து தருகிறோம். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். டிஸ்சார்ஜ் தாளையும் குதிகால் ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள். கணக்கு நோட்டில் எண் மட்டும்தான் எழுதுவோம். பெயர் இந்த மடலில் வராது.