இருதய ஆபரேஷனும் பன்னிரண்டு கட்டமும்

(கோவையில் பேசியது)



ஒருவருக்கு இருதய ஆபரேஷன் என்றதும் நம் கொங்கு நாட்டில் முதலில் நடக்கும் காரியம் என்ன? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுவதும், கோயிலில் போய் வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று பூக் கேட்பதுமேயாகும். எந்த நாளில் அறுப்பது என்று பத்துப் பேரைக் கேட்கிறவர், "சிறுநீரகம் இதைத் தாங்குமா?" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாம் எடுத்துச் சொன்னாலோ, "ஆபரேஷன் நெஞ்சில்தானே, கிட்னிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, கைக்குள் அடங்கும் இந்த இரண்டு சிறுநீரகங்களுக்கே போகிறது. பல ஆபரேஷன்களில் இருதயத்தை நிறுத்திவிட்டு, இரத்தத்தை வெளியே ஒரு யந்திரத்தின் வழியாய்ச் சுற்ற விடுகிறார்கள். அமெரிக்க டாக்டர் கிப்பன் 1953இல் அதைக்கொண்டு முதல் வெற்றி கண்டார். நம் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1961இலேயே இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அந்த யந்திரம் உயிரைக் காப்பது உண்மை. ஆனால் அதில் சுற்றும்போது இரத்த அணுக்கள் சில உடைகின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் பிராணவாயுவும் குறையக்கூடும். நல்ல சிறுநீரகம் பெரும்பாலும் தாங்கும். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே பாதி தின்றுவிட்ட சிறுநீரகம் என்ன செய்யும்?

"எல்லாம் தலையெழுத்து, முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்?" என்பார்கள். பெரும் அளவுக்குச் சொல்ல முடியும் தோழர்களே! அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட 33,217 பேருடைய கணக்கை ஆராய்ந்து 2005இல் ஒரு மார்க் முறையை வெளியிட்டார்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, இன்சுலின் போடுகிறவரா, இருதயம் எவ்வளவு பலவீனம், முன்பே இருதய ஆபரேஷன் ஆனவரா, இது அவசர ஆபரேஷனா என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். குறைந்த மார்க்காரர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மிக அதிக மார்க்காரர்களிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு! இதில் ராசி இல்லை, நட்சத்திரம் இல்லை. ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் இருந்தும் கிரியாட்டினினுக்கு ஒரு கட்டம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். அவசர ஆபரேஷன் என்பதற்கே மார்க் ஏறுகிறது. ஆடி ஆகாது, அஷ்டமி ஆகாது என்று தள்ளிக்கொண்டே போய், வலி முற்றி நடு இரவில் தூக்கிக்கொண்டு ஓடினால், நல்ல நாள் பார்த்தவர்களே ஆபத்தை வளர்த்தவர்கள் ஆகிறார்களா இல்லையா?

டாக்டரிடம் மறைக்கிற சங்கதி ஒன்றும் உண்டு. சோமனூரிலும் பல்லடத்திலும் இரவெல்லாம் தறியில் நின்றவர் கால் வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். அந்த வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்று ஆடுதின்னாப்பாளையைக் குடிப்பவரும் இருக்கிறார். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதும் புற்றுநோய் உண்டாக்குவதும் ருசுவான விஷயம். ஆடே தின்னாததை நாம் ஏன் தின்ன வேண்டும்?

கிரியாட்டினின் சரியாயிருக்கிறது என்று ஒரே வார்த்தையில் திருப்தியடைவதும் கூடாது. சிறுநீரகத்தின் பலம் பாதி போகும் வரையில்கூட அந்த எண் அதிகம் ஏறாமல் இருக்கலாம். வயது முதிர்ந்து சதை வற்றியவரிடத்தில் இன்னும் ஏமாற்றும். வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் அளவு என்னவென்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் திருநீற்றுப் பொட்டலத்துடன் பார்க்கப் போகிறவர்களே! கட்டிலடியில் தொங்கும் மூத்திரப் பையை நர்ஸ் ஏன் மணிக்கு மணி அளக்கிறார் தெரியுமா? 60 கிலோ ஆளுக்கு ஆறு மணி நேரம் மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாய் இறங்கினால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று கணக்கு. அப்படி அடிபட்டவர்களில் பலர் உரிய கவனிப்பில் தேறிவிடுகிறார்கள். பொட்டலத்தைப் பிரிக்குமுன் அந்தப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள்.